மஞ்சள் முக்கோணம்

நாளைக் காலை எட்டே முக்காலுக்கு
கேட்டல் சோதனை.
இன்றிரவு பத்தரைக்கு
என் கொம்பியூட்டர் ஊமை.

பீல் நகரத்துப் பழைய சாமான் கடையில்
நாற்பது பிராங்குக்கு வாங்கியது.
முந்தி வைத்திருந்தவரின் குடும்பப் படங்களைச் சுமந்து
ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்ததால்
ஞாயிறு முழுக்கக் குந்தியிருந்து
எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய் ஏற்றினேன்.
படங்கள் போயின.
சத்தமும் கூடவே போய்விட்டது.

"ட்ரைவர் இல்லை" என்றேன்.
"எத்தனையாம் நம்பர் பஸ்ஸுக்கு?" என்றார்
தவயோகன், போர்வைக்குள்ளிருந்து.
அவருக்கு நாலரைக்கு வேலை. விட்டுவிட்டேன்.

பயிற்சிப் படத்தை ஓடவிட்டேன்.
ரயில் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி
நீலத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு
வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள்,
தொட்டி மீன்போல.
கேள்வி ஒன்று: ரயில் எத்தனை நிமிடம் பிந்தும்?
கேள்வி இரண்டு: எந்தத் தடத்துக்கு மாறிவிட்டது?
செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள்.
இங்கே காது இரண்டும் என்னிடம் பத்திரமாய்;
சங்குதான் செத்துக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் இல்பெர்,
கொசோவோக்காரன், செய்தி அனுப்பினான்:
பெயரைத் தேடாதே.
மஞ்சள் முக்கோணம் நிற்கும் இடத்தில் இலக்கம் இருக்கும்.
இலக்கத்தைத் தேடு.

போய்ப் பார்த்தேன்.
விசைப்பலகைக்குப் பெயர் இருந்தது.
மவுஸுக்கு இருந்தது.
நான் ஒருநாளும் வாங்காத பிரிண்டருக்குக்கூட இருந்தது.
எல்லாவற்றுக்கும் அடியில்
'அறியப்படாத சாதனம்',
அதற்கு நீளமாய் ஓர் இலக்கம்.
எனக்கும் இந்த நாட்டில் ஏழு வருஷம் அப்படி ஒன்று இருந்தது,
கடிதங்களில் பெயருக்கு முன்னால்.
அது வேறு கதை. இப்போது நேரமில்லை.

மின்சாரக் கணக்கு வந்த உறையின் பின்பக்கம்
கையால் எழுதிக்கொண்டேன்.
பூச்சியமா, ஓவா என்று இரண்டு தரம் பிழைத்தது.
முதலில் அகப்பட்டது காசு கேட்டது.
அடுத்தது பச்சைப் பொத்தானைக் காட்டி
சீட்டு விளையாட்டு ஒன்றை உள்ளே தள்ளப் பார்த்தது.
மூன்றாவது, செய்த கம்பெனியே வைத்தது,
ஒன்பது வருஷப் பழசு.
பச்சைக் கோடு எறும்புபோல நகர்ந்தது.
எழும்பிப் போய் உளுந்தை ஊறப்போட்டேன்.

திரும்பி வந்து அவளின் உதட்டையே பார்த்தேன்,
பத்துத் தரம், பதினைந்து தரம்.
பல் கீழுதட்டைத் தொட்டு, பிறகு உதடு குவிந்தால் ஐந்து.
குவியாமல் விரிந்தால் நாலு.
இவள் விரித்தாள்.
நாலு என்று எழுதினேன்.
தடம் ஏழு என்று குத்துமதிப்பாய்ப் போட்டேன்.
பேசாமல் இருப்பவளைப் பார்க்கப் பொறுக்காமல்
குரலும் கொடுத்தேன்:
எங்கள் மேற்பார்வையாளர் ஹூபாக்கர் அம்மாவின்
தகர வாளிக் குரல்.

பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.
அணைத்து மறுபடி தொடக்கினேன்.
முக்கோணம் இல்லை.
ஒன்றும் யோசியாமல் அழுத்தினேன்.
சத்தம் நூறில் நின்றது எனக்கு எப்படித் தெரியும்?

நான்கு நிமிடம்!
அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது.
"எங்க, எங்க" என்று தவயோகன் எழும்பி நின்றார்.
கீழ்வீட்டு ஸ்பின்டன்
தும்புத்தடியால் மூன்று தரம் இடித்தார்.
பிறகு ஜன்னலைத் திறந்து நீளமாய் ஏதோ சொன்னார்,
பேர்ண் பக்கத்துப் பேச்சில்,
எந்தச் சோதனையிலும் வராத ஜெர்மனில்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
முழுக்க விளங்கியது.

பன்னிரண்டுக்கு இறக்கி
ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்தேன்.
வாளிச் சத்தம் இல்லை.
சின்னக் குரல், தடிமன் பிடித்ததுபோல.
தண்டவாளம் என்ற சொல்லில் கொஞ்சம் தடுக்குகிறாள்.
ஒருவரும் திருத்தாமல்
அப்படியே பதிந்து விற்றிருக்கிறார்கள்.

நாலு சரி.
தடம் ஏழு இல்லை, மூன்று.
அழித்து எழுதினேன்.
அவள் தடுக்கும் இடத்துக்குப் பின்னே இழுத்து
இன்னொரு தரம் போட்டேன்.